பச்சைத் துணி கட்டின சந்து

பினாங்குத் தண்ணியில பழகின நாக்குக்கு வேற ஊர்த் தண்ணி பிடிக்காதுன்னு சொல்லுவாங்க. நீங்க கப்பல்காரரு, ரங்கூன், சுமத்ரா டெலின்னு எத்தனையோ ஊர்த் தண்ணி குடிச்சிருப்பீங்க, உங்களுக்கே தெரியும். குடிங்க பக்கிரிசாமி அண்ணே. காலையில பிடிச்சுப் பானையில ஊத்தி வெச்சது, ஜில்லுன்னு இருக்கும். கோயிலுக்குப் போயிருக்கா என் வீட்டுக்காரி லெட்சுமி, அதனால காப்பி எதிர்பார்க்காதீங்க. அவ இல்லாததும் ஒரு வகையில நல்லதுதான்.

வந்த விஷயத்தை வாசல்லயே சொல்லிட்டீங்க. வர்ற தைப்பூசத்துக்கு உங்க வீட்டம்மா சந்து முனையில தண்ணீர்ப் பந்தல் வைக்கிறதா நேர்ந்துக்கிட்டாங்க. ரதத்துக்குப் பின்னால தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போறவங்களுக்குப் பானகமும் மோரும் குடுக்கணும். அதுக்கு எங்க தண்ணி ஆபீஸ்ல சொல்லித் தற்காலிகமா ஒரு குழாய் போட்டுத் தரணும். இது ஒரு பெரிய காரியமா அண்ணே? நான் தலையாட்டினா நாளைக்கே ஆள் வந்து தோண்டிடுவான். ஆனா எதுக்காக நேர்ந்துக்கிட்டாங்கன்னும் சொன்னீங்க பாருங்க, போன வருஷம் வாசல்ல வந்து தண்ணி கேட்டவளுக்கு இல்லன்னு சொன்ன பாவத்துக்குத்தான் உங்க மக கோமதி போயிட்டா, அது தீரணும்னு. அதைக் கேட்டதுக்கு அப்புறம் என்னால சும்மா தலையாட்ட முடியலை. உட்காருங்க. கொஞ்சம் பேசணும்.

என்னைப் பத்தி உங்க ஊதுவத்திச் சந்துல நல்லபடியாத்தான் சொல்லியிருப்பாங்க. தண்ணி இன்ஸ்பெக்டர் சந்திரசேகரன், தங்கமான மனுசன், நம்ம சந்துக்குப் பச்சைத் துணி வாங்கிக் குடுத்தவருன்னு. இப்பவும் நான் அந்தப் பக்கம் போனா சீனி முகம்மது டீக்கடையை விட்டு எறங்கி வந்து கையைப் பிடிச்சுக்குவாரு, டீ குடிக்காம விட மாட்டாரு. அந்த டீயை ஒரு வருஷமாக் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கூசுது, ஆனா வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரே, அந்தப் பயம்.

நீங்க போன வருஷம் கப்பல்ல இருந்தீங்க, இங்க இருந்த கஷ்டம் தெரியாது. மார்கழி பொறந்ததுல இருந்து வானம் ஒரு பொட்டு எறக்கலை. மலையில ஓடையெல்லாம் வெறும் கல்லாக் கிடந்துச்சு. ஆயர் ஈத்தாம் பக்கம் மலையடிவாரத்துல இருக்கிற எங்க தொட்டியில அடிப்பாசி தெரிய ஆரம்பிச்சுது. பகல்ல பாதி நேரம்தான் தண்ணி விட்டோம். அதையும் சனங்க குடம் குடமாப் பிடிச்சு வெச்சு, சாயங்காலம் பழசுன்னு கீழ கொட்டிட்டு, மறுநாள் புதுசாப் பிடிச்சாங்க.

எங்க ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை நாலு பாஷையில நோட்டீஸ் அடிக்கச் சொன்னாரு. தமிழ் நோட்டீஸ் நான் எழுதினது. பொதுஜனங்கள் தண்ணீரைச் சிக்கனமாய் உபயோகிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஒரு பொதுஜனமும் கேக்கலை. பாசார்ல அந்த நோட்டீஸைக் கிழிச்சு வடை மடிச்சுக் குடுத்தாங்க, எனக்கே ஒரு தடவை அதுல வடை வந்துச்சு. அபராதம்னு மிரட்டினா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள அலம்பினாங்க.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. யாரும் சொல்லிக் குடுக்கலை, என் சொந்த யோசனை. மனுசன் துரைக்குப் பயப்பட மாட்டான், அபராதத்துக்குப் பயப்பட மாட்டான், பக்கத்து வீட்டுக்காரி என்ன நெனைப்பாளோன்னுதான் பயப்படுவான். நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு மீட்டர் கெடையாது, சந்து முனையில தரைக்கு அடியில ஒன்னுதான் இருக்கு. மொத்தச் சந்தும் எவ்வளவு இழுத்துச்சுன்னு அது காட்டும், எந்த வீடுன்னு காட்டாது. துரைகிட்ட சொன்னேன். ரொம்பக் குறைச்ச சந்து முனையில மூங்கில் நட்டுப் பச்சைத் துணி கட்டுவோம். ரொம்ப வீணாக்கின சந்துக்குச் சிவப்பு. வாராவாரம் மாத்துவோம். தைப்பூச ரதத்துக்கு முந்தின நாள் எந்தச் சந்துல பச்சை ஏறுதோ, அந்தச் சந்துக்கு ரதம் வர்ற அன்னைக்குப் பகல் முழுக்கத் தண்ணி.

துரை சிரிச்சாரு, ஒரு துணிக்காகவா குறைப்பாங்கன்னு. குறைச்சாங்க அண்ணே. ரதம் வர்ற அன்னைக்கு வாசல் கழுவாம, தெருவுக்குத் தண்ணி தெளிச்சுக் கோலம் போடாம எந்த வீட்டுப் பொம்பளைக்கு மனசு ஆறும்? அரிசி கழுவின தண்ணியில பாத்திரம் அலசி, அதையே செடிக்கு ஊத்தினாங்க. சீனி முகம்மது சாம்பல் போட்டுத் தேய்ச்சு ஒரே வாளித் தண்ணியில கடைப் பாத்திரம் மொத்தத்தையும் முடிச்சாரு. சீனக் குடும்பங்க பச்சைத் துணியைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கிறதுக்குக் கேட்டாங்க. ஆபீஸ்ல என் பேர் அடிபட ஆரம்பிச்சுது. எனக்கு எவ்வளவு பெருமைன்னு சொல்ல இப்ப வெட்கமா இருக்கு. தினம் சோத்துல கை வெச்சுக்கிட்டு லெட்சுமிகிட்ட அதையே பேசுவேன். போதும், சாப்பிடுங்கன்னு அவ அதட்டுவா.

ஊதுவத்திச் சந்து முதல் வாரமே பச்சை வாங்கிடுச்சு. அப்புறம் ஒரு நாள் மீட்டர் முள்ளு ஏறிடுச்சு. துணியைக் கழட்டினேன். சனங்களுக்கு அவமானம், எனக்கும்தான். ஏன்னா துரை அந்தச் சந்தைத்தான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டிக்கிட்டு இருந்தாரு.

எங்க தொழில்ல ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் இருக்கிற அஞ்சடி நடைபாதையில ஒரு சின்ன இரும்பு மூடி இருக்கும், பார்த்திருப்பீங்க. அதைத் தூக்கினா அந்த வீட்டுக்குப் போற குழாயோட திருகு. ஒரு இரும்புக் கம்பியை அதுமேல ஊனி, மறுமுனையில காதை வெச்சா, உள்ள தண்ணி ஓடுறது கேக்கும். ஒழுக்கா இருந்தா விடாம இரையும். ஆளு திறந்து மூடினா விட்டு விட்டுக் கேக்கும். வீடு வீடா வெச்சுக்கிட்டே போனேன். எல்லா வீடும் சத்தமில்லாம இருந்துச்சு. உங்க வீட்டுல மட்டும் கேட்டுச்சு. ஒரு செம்பு நிறையிற நேரம் ஓடும், நிக்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செம்பு. ரொம்பப் பொறுமையான கை அது. வெயில்ல அஞ்சடியில மண்டி போட்டு ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

உங்க வீட்டுச் சாக்கடையில மஞ்சள் கரைஞ்சு வந்துச்சு. கூடவே வேப்பிலை. எனக்கு அந்த வாடை தெரியும் அண்ணே, சின்ன வயசுல என் தங்கச்சிக்கு முத்து போட்டப்ப எங்க வீடெல்லாம் அதே வாடை. அம்மா வந்திருந்தா வீட்டைக் குளிர வெச்சுக்கிட்டே இருக்கணும், தரைக்குத் தெளிக்கணும், துணியை நனைச்சு மாத்தணும். வெளிய சொன்னா ஆளுங்க வந்து பிள்ளையைத் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவாங்க, பாயெல்லாம் கொளுத்திடுவாங்க. அதனாலதான் வாசல்ல வேப்பிலை கூடக் கட்டலை. கதவைத் தட்டினேன். உங்க வீட்டம்மா ஒரு சாண் திறந்தாங்க. ஏம்மா இவ்வளவு தண்ணி ஆகுதுன்னு கேட்டேன்.

"வீடு சூடா இருக்குங்க," ன்னாங்க.

சரிம்மான்னு வந்துட்டேன். நான் யார்கிட்டயும் காட்டிக் குடுக்கலை. ஆபீஸ்ல சொல்லலை, ஆஸ்பத்திரிக்குச் சொல்லலை. நம்ம பிள்ளை நம்ம வீட்டுலயே இருந்து பொழைக்கட்டும்னு விட்டேன். அதை நான் செஞ்ச நல்ல காரியம்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்பவும் அந்த நெனப்பு முழுசாப் போகலை, அதையும் சொல்லிடறேன்.

ஜன்னத் விஷயம் அதுக்கு மறுநாள். சீனி முகம்மது வீட்டுக்காரி ஜன்னத் ஒரு வெள்ளை மனசு. மலாய்க்கார அம்மாவுக்குப் பொறந்தவ, தமிழ் நல்லாப் பேசுவா, ஆனா நம்ம வழக்கமெல்லாம் தெரியாது. அவ வீட்டுல பிடிச்சு வெச்சது தீந்துபோச்சு, தொழுகைக்குக் கை கால் கழுவணும், ஒரு செம்பு தண்ணி குடுன்னு உங்க வீட்டுல வந்து கேட்டிருக்கா. அம்மா இருக்கிற வீட்டுல இருந்து உப்பு, நெருப்பு, தண்ணி எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். காரணமும் சொல்லக்கூடாது. உங்க வீட்டம்மா கதவுக்குப் பின்னால நின்னு தண்ணி இல்லன்னு சொல்லியிருக்காங்க. அவங்க உள்ள திரும்பிப் போய்ச் செம்புல தண்ணி ஊத்தின சத்தம் ஜன்னத்துக்குக் கேட்டிருக்கு.

கேட்ட தண்ணியை இல்லன்னு சொன்னாளாம்னு சந்து முழுக்கப் பத்திக்கிச்சு. தமிழாளு வீட்டுல இப்படி நடக்குமான்னு கிழவனுங்க எல்லாம் காறித் துப்பினாங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் ஜன்னத்தைத் தனியாக் கூப்பிட்டுக் காதுல போட்டிருந்தா, அவளே மூடி மறைச்சு உங்க வீட்டுக்குக் காவல் நின்னிருப்பா. அவ அப்படிப்பட்டவதான். நான் போடலை. ஏன்னா சந்து கோவமா இருந்தா உங்க வீடு அடங்கும், முள்ளு எறங்கும்னு கணக்குப் போட்டேன்.

அன்னைக்குச் சீனி முகம்மது கடை முன்னால எல்லாரும் என்னைச் சூழ்ந்துக்கிட்டாங்க. "எந்த வீடுன்னு மட்டும் சொல்லுங்கலா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்," ன்னாரு சீனி முகம்மது. அது ஆபீஸ் விஷயம், நான் சொல்லக்கூடாதுன்னுட்டேன். அப்புறம் கம்பியை எடுத்துக்கிட்டு எழுந்து, அத்தனை பேரும் பாக்க, நேரா உங்க வீட்டு அஞ்சடிக்குப் போனேன். மூடியைத் தூக்கினேன். கம்பியை ஊனிக் காதை வெச்சேன். வேணும்னே ரொம்ப நேரம் வெச்சிருந்தேன். அப்புறம் முழங்காலைத் தட்டிவிட்டுக்கிட்டு ஒன்னும் பேசாம வீட்டுக்கு வந்துட்டேன். நான் வாயைத் திறக்கலைன்னு அன்னைக்கு ராத்திரி லெட்சுமிகிட்ட பெருமையாச் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு எழுந்து போயிட்டா.

அதுக்கப்புறம் உங்க வீட்டம்மாகிட்ட யாரும் பேசலை. கூவி விக்கிற கறிகாய்க்காரன் கூட அந்த வாசல்ல நிக்கலை. வாசப்படியில யாரோ குப்பையைக் கொட்டியிருந்தாங்க, ரெண்டு நாளா அள்ளுவாரில்ல. ஆனா தண்ணி மட்டும் குறையலை. செம்பு செம்பா, அதே பொறுமையோட. எனக்குக் கோவம் வந்துச்சு அண்ணே. ஊரே அடங்குது, இந்தம்மா அடங்கலையேன்னு. ஒரு பிள்ளைக்குக் காத்து வீசிக்கிட்டு இருக்கிற பொம்பளைமேல கோவப்பட்டேன்.

தைப்பூசம் நெருங்கறப்ப சாக்கடையில வாடை மாறுச்சு. வேப்பிலையை அரைச்சுப் போட்ட வாடை. முத்து எறங்கிடுச்சு, தலைக்கு முதல் தண்ணி ஊத்திட்டாங்கன்னு புரிஞ்சுது. கோமதி பொழைச்சுட்டா. இன்னும் ரெண்டு தண்ணி ஊத்தணும், வீடு முழுக்கக் கழுவி விடணும், அதுக்கெல்லாம் குடம் குடமா ஆகும். அதுவும் சரியாத் துரை மீட்டர் பாக்க வர்ற நாள்ல வரும். மத்த வீடெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததால ஊதுவத்திச் சந்து மறுபடி பச்சைக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு. உங்க வீடு ஒன்னுதான் தடுத்துச்சு.

ரதத்துக்கு முந்தின நாள் காலையில நான் உங்க வீட்டுத் திருகை மூடினேன்.

டம்ளரைக் கீழ வைங்க அண்ணே, தண்ணி சிந்துது. முழுசாக் கேட்டுடுங்க, அப்புறம் என்ன செய்யணுமோ செய்யுங்க. நான் எங்கயும் ஓடப்போறதில்ல.

பிள்ளை பொழைச்சுதுன்னு தெரிஞ்சுதான் மூடினேன். சாகக் கெடக்கிற பிள்ளை வீட்டுக்கு நான் மூடியிருக்க மாட்டேன். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். சாயங்காலம் துரை வந்து முள்ளைப் பாத்துட்டுப் போனதும் திறந்துவிட்டுடலாம், ஒரு பகல் பொழுதுதானே, பானையில கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். துரை வந்தாரு, பாத்தாரு, என் தோளைத் தட்டினாரு. மூங்கில்ல பச்சை ஏறுச்சு. சனங்க கைதட்டினாங்க. அப்பத் துரை சொன்னாரு, நாளன்னைக்குக் காலையில பெரிய துரையைக் கூட்டிக்கிட்டு வர்றேன், பகல் முழுக்கத் தண்ணி விட்டும் இந்தச் சந்து சிக்கனமா இருக்குன்னு அவருக்குக் காட்டணும்னு. திருகுசாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. நான் தலையை ஆட்டினேன்.

ரதம் வந்த அன்னைக்குச் சந்துல எல்லா வீட்டுலயும் தண்ணி. பொம்பளைங்க வாசல் கழுவினாங்க, பிள்ளைங்க ஒருத்தர்மேல ஒருத்தர் ஊத்திக்கிட்டாங்க. உங்க வீட்டு வாசல் மட்டும் காஞ்சு கெடந்துச்சு. நான் போய்க் கம்பியை வெச்சேன். ஏன் வெச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியலை. தண்ணி ஓடாத குழாயிலயும் சத்தம் வரும் அண்ணே. குழாயைத் திறக்கிறது கேட்டுச்சு, மூடுறது கேட்டுச்சு. திறக்கிறாங்க, மூடுறாங்க. அப்புறம் செம்பால குழாயைத் தட்டுற சத்தம். எங்கயாவது அடைச்சிருக்கும், தட்டினா வரும்னு நெனச்சிருப்பாங்க. பக்கத்துத் தெருவுல மேளம் வர ஆரம்பிச்சுது. அந்தச் சத்தத்துல தட்டுறது கேக்கலை. நான் கம்பியை எடுத்துக்கிட்டு ரதம் பாக்கப் போனேன். தேங்காய் ஒடைச்சேன்.

மத்தியானம் உங்க வீட்டம்மா பக்கத்து வீட்டு ஜன்னத்தோட சுவத்தைத் தட்டி, ஒரு செம்பு தண்ணி குடுன்னு கேட்டிருக்காங்க. அந்த வீட்டை விட்டு அவங்க வெளிய வரக்கூடாத நேரம், அப்படியும் கேட்டிருக்காங்க. ஜன்னத் தண்ணி இல்லன்னு சொல்லியிருக்கா. அவங்க சொன்ன அதே வார்த்தை. பின்னால விஷயம் தெரிஞ்சு ஜன்னத் என்கிட்டதான் வந்து அழுதா, நான் பாவின்னு மாரைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா சொல்லியிருப்பாங்க, உன்மேல தப்பில்லன்னு நான் அவளைத் தேத்தினேன். அழுதுக்கிட்டே என்னைக் கும்பிட்டுட்டுப் போனா.

உங்க வீட்டுப் பின்கட்டுல ஒரு பழைய கிணறு இருக்கு. சாக்கடைத் தண்ணி கலக்குதுன்னு மேல பலகை அடிச்சது யாரு? நான்தான், அதுக்கு முந்தின வருஷம். குழாய் நின்னா அந்த வீட்டுக்கு அந்தக் கிணத்தை விட்டா வேற தண்ணி இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். அவங்க பலகையை நெம்பி எறைச்சிருக்காங்க. பிள்ளை தாகம் தாகம்னு கேட்டிருக்கு, குடுத்திருக்காங்க. தேறி வந்த உடம்பு. வாந்திபேதி கண்டதும் தாங்கலை.

மறுநாள் காலையில ரெண்டு துரையும் வந்தாங்க. முள்ளைக் குனிஞ்சு பாத்துட்டு, ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க வண்டி திரும்பினதும் நான் ஓடிப்போய் உங்க வீட்டுத் திருகைத் திறந்தேன். ஓடினேன், அது நெசம். கம்பியை வெச்சுக் கேட்டேன். தண்ணி ஓடுது. செம்பு நிறையிற நேரம் ஆச்சு, நிக்கலை. குடம் நிறையிற நேரம் ஆச்சு, நிக்கலை. குழாயைத் திறந்தபடியே விட்டிருக்காங்கன்னு புரிஞ்சுது. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? இப்படி வீணாக்குறாங்களேன்னு தோணுச்சு. கேட்டே ஆகணும்னு கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன். நேராப் பின்கட்டுக்குப் போய்க் குழாயை இறுக்கி மூடிட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்.

அவங்க கூடத்துல உட்கார்ந்திருந்தாங்க. கோமதி மடியில இருந்துச்சு. முகத்துல பொருக்கு காஞ்சு உதிர ஆரம்பிச்சிருந்துச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தினதுக்கு எண்ணெய் வெச்சு நல்லா வாரி விட்டிருந்தாங்க. என்னைப் பாத்து, "பிள்ளை போனதும் தண்ணி வந்துடுச்சுங்க," ன்னு சொன்னாங்க.

சந்துல அத்தனை வீட்டுலயும் தண்ணி ஓடி, அவங்க வீட்டுல மட்டும் நின்னு, பிள்ளை போனதும் வந்தா வேற என்ன நெனைப்பாங்க? இல்லன்னு சொன்ன வாய்க்கு இல்லாம பண்ணிட்டா, பிள்ளையை எடுத்துக்கிட்டுத் தண்ணியைத் திருப்பிக் குடுத்துட்டான்னு அம்மாமேல பழியைப் போட்டுட்டு, தன்மேல பாவத்தைப் போட்டுக்கிட்டாங்க. அப்ப என் இடுப்புல சாவி தொங்குச்சு. அவங்க பாத்தாங்க, ஆனா அது என்னன்னு அவங்களுக்குத் தெரியலை. நான் தைரியம் சொன்னேன். எல்லாம் அவ விளையாட்டும்மான்னு என் வாயாலயே சொன்னேன். இந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடலை. மூடினதுக்குக் கூட ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கலாம். இதுக்கு ஒன்னும் கெடைக்கலை.

காரணம்னு சொன்னேன் இல்லையா. அதுலயும் ஒன்னு பாக்கி இருக்கு. அதைச் சொல்லாம விட்டா இவ்வளவு பேசினதும் நடிப்பாப் போயிடும்.

ஊருக்குத் தண்ணி இல்ல, ஒரு வீட்டைப் பாத்தா ஊரு சாகும், அதனால மூடினேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் நெனைக்கப் பாத்தேன். ஆனா தைப்பூசத்துக்கு நாலஞ்சு நாள் முன்னாலயே மலை மேல பெரிய மழை பெஞ்சுது. ஊருக்குள்ள ஒரு தூத்தல் விழலை, அதனால யாருக்கும் தெரியாது. தொட்டி நெறைஞ்சு, மதகு மேல வழிஞ்சு, காட்டுக்குள்ள சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் போய்ப் பாத்தேன். கையை விட்டுப் பாத்தேன், பனி மாதிரி இருந்துச்சு. இப்பவே வெளிய சொன்னா சனங்க மறுபடி கொட்டி வீணாக்குவாங்க, தைப்பூசம் முடியட்டும், துணி விஷயம் முடியட்டும்னு துரைகிட்ட சொன்னது நான்தான். அவரு சரின்னாரு. உங்க வீட்டம்மா செம்பால குழாயைத் தட்டினப்ப, மலையடியில தண்ணி வழிஞ்சு வீணாப் போயிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு பச்சைத் துணிக்காக அண்ணே. கெஜம் என்ன வெலைன்னு கூட எனக்கு ஞாபகம் இல்ல.

இப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போய்ச் சொல்றதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா, அவங்ககிட்ட சொல்லாம இருக்கிறதுதான் நல்லது. அம்மா எடுத்துக்கிட்டான்னு நெனச்சா கையெடுத்துக் கும்பிட ஒரு எடம் இருக்கு. பந்தல் வெச்சா பாவம் தீந்துச்சுன்னு மனசு ஆறும். நான் செஞ்சேன்னு தெரிஞ்சா அதுவும் போயிடும், ரதம் பாக்கக் கூட வெளிய வர மாட்டாங்க. எனக்காகச் சொல்லலை. நான் பயந்துக்கிட்டுச் சொல்லலை. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

எழுந்துட்டீங்களா. சரி. போங்க. நான் ஒன்னும் தடுக்கலை.

குழாய் விஷயத்துல கவலை வேணாம், நாளைக்கே ஆளை அனுப்பறேன். சந்து முனையில, மூங்கில் நட்ட எடத்துக்குப் பக்கத்துலயே போட்டுத் தரச் சொல்றேன். ஒன்னே ஒன்னு அண்ணே, பந்தல்ல குழாய்க்கிட்ட எப்பவும் ஒரு ஆளை நிறுத்தி வைங்க. கூட்டத்துல யாராவது திறந்தபடியே விட்டுட்டுப் போயிட்டா, தண்ணி வீணாப் போயிடும்.